“விட்டுவிடு” என்று சொன்னால் போதுமா?

நம் அரசு மருத்துவமனைகளில் மருந்துச்சீட்டில் எழுதப்படாத மருந்து ஒன்று நாள்தோறும் வழங்கப்பட்டு வருகிறது. நெஞ்சுச் சளியோடும் மூச்சிரைப்போடும் வந்து நிற்பவரிடம் மருத்துவர், “பீடியை விட்டுவிடுங்கள்” என்கிறார். அவர் தலையசைக்கிறார். அடுத்தவர் அழைக்கப்படுகிறார். சளிக்கு மாத்திரை கிடைக்கிறது. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கிடைக்கிறது. பீடிக்கு மட்டும் ஒரு வாக்கியம் கிடைக்கிறது. அந்த வாக்கியத்தோடு பொது மருத்துவத்தின் கடமை முடிந்துவிடுகிறதா என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அதன் அடியில், மனிதனின் சுதந்திரம் எத்தகையது என்ற பழைய வினா கிடக்கிறது. “பற்றவைத்தவர் அவர், அணைக்க வேண்டியவரும் அவரே. பாம்பு கடித்தவருக்கும் பேறுகாலத் தாய்க்கும் செலவிடவே பணம் போதாத நாட்டில், தாமாகத் தீங்கைத் தேடிக்கொண்டவரின் அருகில் அமர்ந்து பேச ஓர் அரசுச் செவிலியர் எதற்கு?” என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. இவ்வாறு கேட்பவரை இரக்கமற்றவர் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற மதிப்புக்குரிய நம்பிக்கை அக்கேள்வியின் பின்னால் நிற்கிறது. புகைப்பவரை ஆதரவற்ற பேதையாக நோக்கும் பரிவைவிட, பொறுப்புள்ள மனிதராக நோக்கும் கண்டிப்பு சில வேளைகளில் மேலானது என்றுகூடச் சொல்லலாம். ஆகவே அவ்வாதத்தை அதன் முழு வலிமையோடு எதிர்கொள்வதே முறை.

இத்தகைய வினாவை ஏதேனும் ஒரு மண்ணில் காலூன்றி நின்று கேட்பது நல்லது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், செம்மண் நிலத்தில் அமைந்த இரும்பையை எடுத்துக்கொள்வோம். திருஞானசம்பந்தர் பாடிய மாகாளம் என்பதால் சைவ அன்பர்கள் அறிந்த ஊர். ஆரோவில்லுக்கு அண்மையில் இருப்பதால் வெளிநாட்டினரும் அறிந்த ஊர். அங்கிருந்து வடக்கே சென்றால் கழுவெளி நீர்ப்பரப்பு. அதனையும் கடந்தால் மரக்காணத்து உப்பளங்கள். இப்பகுதியை நாம் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் கோயிலும் அன்று, உப்பும் அன்று. புகைக்கும் சாவுக்கும் உள்ள உறவைப் பற்றி இந்தியாவில் நடந்த மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று இந்த விழுப்புரம் மாவட்டத்து ஊர்களில்தான் நடைபெற்றது.

1990-களின் பிற்பகுதியில், சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோனவர்களின் இல்லங்களுக்குக் களப்பணியாளர்கள் சென்றனர். இறந்தவர் எந்த நோயால், எவ்வாறு இறந்தார், வாழ்ந்த காலத்தில் புகைத்தாரா என்று வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொண்டனர். ஏறத்தாழ 43,000 ஆண்களின் இறப்புகள் 35,000 உயிருள்ள ஆண்களோடு ஒப்பிடப்பட்டன. டாக்டர் வேந்தன் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்டு பீட்டோ முதலியோர் இதன் முடிவுகளை 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர். மேலை நாடுகளில் புகை என்றவுடன் நுரையீரல் புற்றுநோயும் மாரடைப்பும் நினைவுக்கு வரும். இங்கோ முன்னின்றது காசநோய். புகைக்காதவரைவிடப் புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்திய ஆண்களிடையே நேரும் காசநோய் இறப்புகளில் ஏறக்குறையப் பாதிக்குப் புகையே காரணம் என்று அவர்கள் மதிப்பிட்டனர்.

இதன் பொருளைச் சற்றே நின்று நோக்க வேண்டும். காசநோய்க் கிருமி நம் மக்களில் மிகப் பலருடைய உடலில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கிறது. பெரும்பாலோரிடம் அது உறக்கத்திலேயே இருந்துவிடும். புகை நுரையீரலின் காவலைத் தளர்த்துகிறது, உறங்கியது விழித்துக்கொள்கிறது. விழித்தபின் அது பீடி குடித்தவரோடு நிற்பதில்லை. இருமலின் வழியே ஓலைக்கூரையின் கீழ் உடன் உறங்கும் மனைவியையும் பேரப்பிள்ளையையும் தேடிச் செல்கிறது. ‘அவர் பாடு’ என்று நாம் ஒதுக்கும் பழக்கம் அவர் பாடாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஆகவே, பொதுப்பணத்தை ஒருவரின் சொந்தத் தவற்றுக்குச் செலவிடலாமா என்ற வினா இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை பாதி விழுந்துவிடுகிறது. எனினும் மறுபாதி நிற்கிறது: விட வேண்டியவர் அவர்தாமே? அவர் மனம் வைத்தால் ஆகாதா?

உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வெயில் ஏறுமுன் வேலையை முடித்துக்கொள்ள, விடியலுக்கு முன்பே அவர் பாத்தியில் இறங்க வேண்டும். உவர்நீரில் கால், கண்ணெதிரே உப்பின் வெண்மை, கையில் உப்பு வாரும் பலகை. இடையில் கரையேறி நிற்கும் சில நிமிடங்களில் ஒரு பீடி. கூலி வேலை நடக்கும் இடங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: பீடி பற்றவைத்து நின்றால் அது ஓய்வு, சும்மா நின்றால் அது சோம்பல். ஓய்வுக்கான உரிமைச் சீட்டாகவே பீடி அங்கே புழங்குகிறது. இதைக் கணக்கில் கொள்ளாமல், புகை என்பது வெறும் சுவைக்கான இச்சை என்று பேசுவோர் உப்பளத்தைப் பார்த்தவர் அல்லர்.

உடலின் கணக்கும் இருக்கிறது. பீடியில் புகையிலை குறைவு. ஆனால் அது சிகரெட்டைப் போலத் தானே எரிந்துகொண்டிருக்காது. அணையாதிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் சில வினாடிகளில் மூளையை எட்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. அப்போது தொடங்கும் எரிச்சலும் நிலைகொள்ளாமையும் அடுத்த பீடியால் அடங்குகின்றன. மனம் கேட்பதற்கு முன்பே உடல் கேட்கத் தொடங்கிவிடுகிறது. விட்டவருக்கு முதல் வாரத்தில் இத்தொல்லை உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் பெரிதும் தணியும். எந்தத் துணையுமின்றித் தாமே விட முயல்பவரில், ஓராண்டு கழித்தும் விட்டவராகவே நிற்போர் நூற்றுக்கு ஐவர் அளவே என்பது பல நாட்டு அனுபவம். மற்ற தொண்ணூற்றைந்து பேரும் உறுதியற்றவர்கள் என்று சொல்லிவிட நமக்குத் துணிவு உண்டா?

அவர்களிடம் உறுதி இருக்கிறது என்பதற்கு நம் பங்குகளிலேயே சான்று காணலாம். திருநீற்றுப் புதனன்று பீடியையும் சிகரெட்டையும் நிறுத்தி, தவக்காலம் முழுவதும் ஒன்றுகூடத் தொடாமல், உயிர்ப்புப் பெருவிழா அன்று மாலை மீண்டும் பற்றவைக்கும் ஆண்கள் எத்தனை பேர்! நாற்பது நாள் என்பது மருத்துவர் சொல்லும் கடினமான நாள்களைக் கடந்த காலம். பாலத்தின் மறுகரையை ஏறத்தாழத் தொட்டவர் திரும்பி நடக்கிறார். ஏன்? நாற்பது நாளும் அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது, சுற்றிலும் அதே நோன்பில் இருக்கும் மக்கள் இருந்தனர், “இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்க வீட்டார் இருந்தனர். நாற்பத்தொன்றாம் நாள் அவையெல்லாம் எடுக்கப்பட்டுவிட்டன. மன உறுதி அவருடையதுதான்; ஆனால் அது நிற்பதற்கு ஊன்றுகோல் பிறரிடம் இருந்தது. நாம் ‘சொந்த மனவலிமை’ என்று பெருமையாகக் குறிப்பிடுவதில் பெரும்பகுதி, கவனித்துப் பார்த்தால், இத்தகைய ஊன்றுகோல்களே.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இவ்விரு பக்கங்களையும் பேசுகிறது. உணவு, மது, புகையிலை, மருந்து ஆகியவற்றை அளவுமீறிக் கொள்வதைத் தவிர்ப்பது மிதத்தின் கடமை என்று ஓரிடத்தில் கூறுகிறது. வேறோரிடத்தில், பழக்கமும் கட்டுக்கடங்காப் பற்றும் சமூகச் சூழலும் ஒரு மனிதனின் பொறுப்பைக் குறைக்கவும், சில வேளைகளில் இல்லாமலேயே செய்யவும் கூடும் என்கிறது. முதற்பகுதியை நாம் அறிவுரைகளில் அடிக்கடி கேட்கிறோம்; இரண்டாம் பகுதியைக் கேட்பது அரிது. பொறுப்பு குறைகிறது என்றால் அம்மனிதரை விட்டுவிடலாம் என்று பொருளாகாது. குறைந்துபோன அந்தச் சுதந்திரத்தை அவருக்கு மீட்டுத் தருவது பிறருடைய கடமையாகிறது என்றே நாம் கொள்ள வேண்டும். யோவான் நற்செய்தியில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக உடல்நலமற்று, பெத்சதா குளத்தருகே கிடந்த மனிதரை நினைவுகூர்வோம். நலம்பெற விரும்புகிறாயா என்று கேட்கப்பட்டபோது, அவர் தம் விருப்பத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தம்மைத் தூக்கி நீரில் இறக்க ஆளில்லை என்றே சொன்னார். விருப்பமிருந்தும் நாளாக ஆக அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்ட ஒருவருடைய மறுமொழி அது.

நிற்க. புகையிலையைக் கண்டித்து ஒழிக்கும் வழியைத் திருச்சபை சோதித்துப் பார்க்காமல் இல்லை. 1642-இல் எட்டாம் உர்பான் திருத்தந்தை, செவில் மறைமாவட்டத்துக் கோவில்களில் புகையிலை பயன்படுத்துவோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்று ஆணையிட்டார். 1650-இல் பத்தாம் இன்னொசென்ட் புனித பேதுரு பேராலயத்துக்கும் அத்தகைய தடை விதித்தார். 1725-இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் அத்தடையை நீக்கினார். விலக்கி வைக்கும் தண்டனையால் மூக்குப்பொடி டப்பியைக்கூட வெல்ல முடியவில்லை! 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்த முடிவு வேறுவகை. வத்திக்கானில் பணியாளர்களுக்குச் சலுகை விலையில் சிகரெட் விற்பதை 2018 முதல் நிறுத்தச் செய்தார். மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஒன்றிலிருந்து வரும் வருவாய் எவ்வளவாயினும் வேண்டாம் என்பது அதன் உட்பொருள். வாங்குபவரைத் தண்டிப்பதைவிட, விற்பவர் தம் கையைக் கழுவிக்கொள்வது கடினம். ஆனால் அதுவே நேர்மை.

கண்டிப்புக்கும் கைவிடலுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டென்பதை, வேறெங்கும் தேட வேண்டியதில்லை, சென்னையே உலகுக்குக் காட்டியது. 1956-இல் அங்கே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை மாதக்கணக்கில் காசநோய் விடுதியில் வைத்திருக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று அந்த மையத்தின் ஆய்வு மெய்ப்பித்தது. கூடவே ஓர் இடர்ப்பாடும் வெளிப்பட்டது: இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுபவர் பலர். “தன் உயிருக்கே அக்கறையில்லாதவனுக்கு நாம் என்ன செய்வது?” என்று மருத்துவர்கள் கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. மருந்தை நோயாளி விழுங்குவதை மற்றொருவர் அருகிருந்து பார்க்கும் முறை அங்கே வளர்ந்தது. பின்னாளில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று அது. மாத்திரையை மறப்பது மனித இயல்பு என்று ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப ஏற்பாடு செய்தனர்.

அதே நோயாளிக்கு அதே மருத்துவமனை, மாத்திரை விழுங்குவதைப் பார்க்க ஓர் ஆளை நியமிக்கிறது. பீடியை விடுவதற்கு மட்டும் ‘மனம் வை’ என்கிறது. நாள்தோறும் மாத்திரை விழுங்குவதே ஒருவருக்குத் தனியே இயலாதென்றால், ஒருநாளில் இருபது முறை கை நீளும் பழக்கத்தை நிறுத்துவது மட்டும் தனியே இயலுமா? இந்த முரண்பாட்டுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஒன்றை நோய் என்றும் மற்றொன்றைக் குற்றம் என்றும் நாம் மனத்தில் பிரித்து வைத்திருப்பதே காரணம்.

இதுவரை ஒன்றும் செய்யப்படவில்லை என்று சொல்வதற்கில்லை. 2002-இல் நாட்டில் தொடங்கப்பட்ட முதல் புகையிலை நிறுத்தச் சிகிச்சை மையங்களுள் ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அமைந்தது. இந்தியா 2004-இல் ஏற்புறுதி செய்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, விட விரும்புவோர்க்குச் சிகிச்சை அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. 2007-08-இல் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 2016-இல் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை தொடங்கிற்று. நிக்கோட்டின் கலந்த சூயிங்கம் போன்றவை 2022-இல் நாட்டின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்ந்தன. இத்தகைய மாற்று நிக்கோட்டின், விடுவோரின் எண்ணிக்கையைப் பாதிக்கு மேல் கூட்டுகிறது என்பது பல ஆய்வுகளின் முடிவு. ஒருவர் தொடர்ந்து பேசித் துணைநின்றால் பயன் இன்னும் மிகுதி.

ஏட்டில் இருப்பது பெட்டிக்கடை வரை வருகிறதா என்பதே ஐயம். அந்தத் தொலைபேசி எண் 2018 முதல் பீடிக் கட்டுகளிலும் சிகரெட் பெட்டிகளிலும் அச்சிடப்படுகிறது. ஆனால் நம் ஊர்களில் ஏழைகள் பெட்டியாக வாங்குவதில்லை. ஒன்றிரண்டாகச் சில்லறையில் வாங்குகின்றனர். எண் அச்சிட்ட உறை கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. உதவி வேண்டியவரின் கையில் பீடி மட்டும் வருகிறது, உதவி வருவதில்லை. 2016-17-இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பில், புகைப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் விட எண்ணுவதாகக் கூறினர். அவர்களுள் மருத்துவரிடம் சென்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்த ஒற்றை வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

பொறுப்பைப் பற்றிப் பேசுவோர் அரசின் பொறுப்பையும் பேச வேண்டும். புகையிலை வாணிபத்தை வளர்க்க மத்திய அரசுக்குக் குண்டூரில் ஒரு வாரியம் 1976 முதல் இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தில் பொதுத்துறையான ஆயுள் காப்பீட்டுக் கழகம் பெரும் பங்குதாரர். நெல்லைச் சீமையிலும் வேலூர்ப் பக்கத்திலும் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களை இவற்றோடு சேர்த்துப் பழிப்பது தகாது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் வேண்டும் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். ஆனால் விற்பனையின் பயனில் கைவைத்துள்ள ஓர் அமைப்பு, வாங்கியவரிடம் ‘உன் தவறு, நீயே பார்த்துக்கொள்’ என்று சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது.

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதலமைச்சர் நேரில் வந்தார். இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ‘தாமாகக் குடித்தவர்களுக்குப் பணமா?’ என்று அன்றும் சிலர் கேட்டனர். ஆனாலும் அந்த இழப்பை ஒரு பொது இழப்பாக நாடு ஏற்றுக்கொண்டது. அதே கடற்கரையில் பீடியால் வரும் சாவு ஓரிரவில் வருவதில்லை; முப்பது ஆண்டுகளில், ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே வருகிறது. அதற்கு எந்த அமைச்சரும் வருவதில்லை. வேகத்தில் மட்டுமே வேறுபட்ட இரு சாவுகளை அறத்தின் கண் ஏன் இவ்வளவு வேறாகக் காண வேண்டும்?

உதவி செய்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. துணை நிற்பது மெல்ல மெல்ல மிரட்டலாக மாறலாம். ‘பீடி குடிப்பவருக்கு அறுவை சிகிச்சை இல்லை’, ‘விட்டதற்குச் சான்று கொண்டுவா’ என்று பேசத் தொடங்கினால், நோயாளி மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார்; அல்லது பொய் சொல்லப் பழகுவார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். நான்கு முறை விட்டு நான்கு முறையும் திரும்பியவர் ஐந்தாம் முறை வரும்போது, ‘மறுபடியுமா?’ என்ற முகக்குறிப்பின்றி வரவேற்கப்பட வேண்டும். பிரித்தானிய மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004-இல் ரிச்சர்டு டால் குழுவினர் வெளியிட்ட கணக்கின்படி, முப்பது வயதில் விட்டவர் ஏறத்தாழப் பத்து ஆண்டும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டும், அறுபதில் விட்டவர்கூட மூன்று ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தனர். ஐந்தாம் முறைக்கும் பயன் உண்டு.

செலவைப் பற்றிய கேள்விக்கும் மறுமொழி வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளோடு பெண் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வருகின்றனர். கிராமச் சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர். புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. எத்தனை பீடி, எந்நேரத்தில் முதல் பீடி, முன்பு விட்டதுண்டா, ஏன் திரும்பினீர்கள் என்று அமர்ந்து கேட்கும் பத்து நிமிடமும், விட்ட முதல் வாரத்தில் இருமுறை வந்து விசாரிப்பதும், மருந்தகத்தில் அந்தச் சூயிங்கம் தீராமல் இருப்பதுமே தேவை. அன்பியக் கூட்டங்களில் நாமும், தவக்காலத்தில் நிறுத்தியவரை உயிர்ப்பு விழாவுக்கு அடுத்த வாரத்தில் ஒருமுறை விசாரிக்கலாம்.

மரக்காணத்தில் இதைத் தொடங்குவோர் உப்பளத்தின் நாள்காட்டியைப் பார்த்துத் தொடங்க வேண்டியிருக்கும். தை தொடங்கிப் புரட்டாசி வரை உப்பு வாரும் வேலை; வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும், கூலியும் நின்றுவிடும். அம்மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது. நிவாரணம் வாங்க வரும் நாளில் பக்கத்து மேசையில் ஒரு செவிலியர் இருக்கலாம். ஆனால் அந்த மேசைக்குப் போனால்தான் பணம் என்று ஆகிவிடக்கூடாது. வேலையற்ற நாளில் கவலை மிகுந்து பீடியும் கூடும் என்பதால், மழைக்குச் சில வாரம் முன்பே, ஆவணியில் தொடங்குவது நல்லதா, மழை நாளிலேயே தொடங்குவது நல்லதா என்பதை அத்தொழிலாளரிடமே கேட்டு அறிய வேண்டும். நேரத்தையும் அவர்களிடமே கேட்க வேண்டும். புறநோயாளர் பிரிவு காலையில் நடக்கிறது. உப்பு வாருபவரோ அப்போது பாத்தியில் இருக்கிறார். வாரத்தில் ஒரு நாளாவது, அவர் குளித்து உண்டு வெளியே வரும் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறை திறந்திருக்க வேண்டும்.